காவேரிக் கரைக்கு ஒரு சிக்கன யாத்திரை

திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஆசிரியராக இருக்கும் நேயர் ஒருவர் நமக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். நீண்ட கடிதங்களைக் கண்டால் நமக்கு இயற்கையிலேயே ஒரு பயம் உண்டு. முதல் பாராவையும் கடைசிப் பாராவையும் படித்துவிட்டு நடுவில் என்ன இருக்கும் என்று ஊகித்துக் கொள்வதுதான் நமது வழக்கம். ஆனால் இந்தக் கடிதத்தை இரண்டு தடவை முழுவதும் படித்தோம்.

விஷயம் இதுதான். அவருடைய தாயாருக்கு வயது 76. ஸ்ரீரங்கத்தில் பரமபத வாசல் வழியாக ஒரு முறையாவது போய் வர வேண்டும் என்பது அந்த அம்மாளின் நெடுநாள் ஆசை. மூன்று வருஷமாக "அடுத்த மார்கழிக்குப் பார்க்கலாம்" என்று தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார்கள். இவ்வருஷம் எப்படியும் போவதென்று தீர்மானித்து, ஸ்ரீரங்கத்தில் உள்ள ஒரு விடுதிக்குக் கைப்பேசியில் பேசி, வைகுண்ட ஏகாதசிக்கு இரண்டு நாள் தங்க என்ன ஆகும் என்று விசாரித்தாராம். அவர்கள் சொன்ன தொகை நமது நேயரின் மாதச் சம்பளத்தில் சரிபாதி! "கடன் வாங்கவும் மனமில்லை, அம்மாவுக்கு மறுபடியும் அடுத்த வருஷம் என்று சொல்லவும் நாக்கு எழவில்லை. அவர், மனைவி, குழந்தைகள் இருவர், நான் ஆக ஐந்து பேர். இரண்டு நாளில், கைக்கு அடக்கமாக, திருச்சியும் ஸ்ரீரங்கமும் பார்த்துவிட்டு வர ஒரு வழி சொல்ல வேண்டும்" என்று முடித்திருக்கிறார்.

வழி இருக்கிறது. போகலாம், தாராளமாகப் போகலாம். ஆனால் ஏகாதசியன்று போகக் கூடாது!

உடனே நேயர் நம்மிடம் கோபித்துக் கொள்ள வேண்டாம். பரமபத வாசல் ஏகாதசி ஒரு நாள்தான் திறந்திருக்கும் என்று பலர் நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். நாமும் வெகு காலம் அப்படித்தான் நினைத்திருந்தோம். ஸ்ரீரங்கத்து மார்கழி உற்சவம் ஏறக்குறைய மூன்று வாரம் நடப்பது. முதலில் பகல் பத்து, பிறகு இராப் பத்து. வைகுண்ட ஏகாதசி என்பது இராப் பத்தின் முதல் நாள். அன்று விடியற்காலையில் நம்பெருமாள் ரத்தினாங்கி அணிந்து அந்த வாசல் வழியாக எழுந்தருளும்போது பல லட்சம் ஜனங்கள் திரளுகிறார்கள். ஆனால் அத்துடன் வாசல் அடைபட்டுவிடுவதில்லை. அதற்குப் பின்வரும் இராப் பத்து நாட்களிலும் குறிப்பிட்ட வேளைகளில் திறந்துதான் இருக்கிறது. வேடுபறி நடக்கும் எட்டாம் திருநாளைப் போன்ற ஓரிரு நாட்களில் மட்டும் திறப்பதில்லை. எந்த நாள், எந்த வேளை என்பதைக் கோவில் நிர்வாகம் முன்கூட்டியே நிகழ்ச்சி நிரலாக வெளியிட்டு விடுகிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, ஏகாதசி கழிந்து மூன்றாம் நாளோ நாலாம் நாளோ போனால் போதும். அதே வாசல், அதே பெருமாள். ஆயிரங்கால் மண்டபத்தில் அரையர் சேவையும் அந்த நாட்களில் நடந்துகொண்டுதான் இருக்கும். எழுபத்தாறு வயது அம்மாள் கூட்டத்தில் இடிபட்டு வாசலைக் கடப்பதற்கும், பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நிதானமாகக் கடப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை நாம் சொல்ல வேண்டியதில்லை. ஏகாதசிக் கூட்டம் இறங்கியதும் விடுதிக்காரர்களின் குரலும் இறங்கிவிடும்.

நிற்க. இனிப் பிரயாணத்தைப் பற்றிப் பார்ப்போம்.

சென்னைப் பக்கத்திலிருந்து போகிறவர்களுக்கு ரயிலே சிலாக்கியம். சென்னைக்கும் திருச்சிக்கும் சுமார் 330 கிலோமீட்டர். இரவு வண்டியில் ஏறினால் ஒரு ராத்திரி அறை வாடகை மிச்சம். எழும்பூரிலிருந்து புறப்படும் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் இதற்கென்றே ஏற்பட்டது போன்ற வண்டி. 2024 நவம்பர் முதல் ரிசர்வேஷன் 60 நாளைக்கு முன்புதான் தொடங்குகிறது. முன்போல் நாலு மாதம் இல்லை. ஆகையால் பஞ்சாங்கத்தைப் பார்த்து அறுபது நாளை எண்ணிக் குறித்து வைத்துக்கொண்டு, அன்று காலையிலேயே டிக்கெட் வாங்கிவிட வேண்டும். முதியோருக்கு ரயில் கட்டணத்தில் இருந்த சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. பழைய ஞாபகத்தில் கணக்குப் போட்டு ஏமாற வேண்டாம். ஆனால் வயதானவர்களுக்கும் 45 வயதான ஸ்திரீகளுக்கும் கீழ்ப் படுக்கை ஒதுக்குவதென்று ஒரு ஏற்பாடு உண்டு. அம்மாளின் வயதைச் சரியாக எழுதி அதைக் கேட்டுப் பெறுங்கள். இதற்குத் தனிச் செலவு ஒன்றும் இல்லை.

இன்னொரு சூக்ஷ்மம். சென்னையிலிருந்து விருத்தாசலம், அரியலூர் மார்க்கமாக வரும் வண்டிகள், ஸ்ரீரங்கம் ஸ்டேஷனைத் தாண்டிக் காவேரிப் பாலத்தில் ஓடித்தான் திருச்சி ஜங்ஷனுக்கு வருகின்றன. விஷயம் தெரியாதவர்கள் ஜங்ஷன் வரையில் போய் இறங்கி, வந்த வழியே மறுபடியும் ஆட்டோவுக்குப் பணம் கொடுத்துத் திரும்புகிறார்கள். ஸ்ரீரங்கத்தில் நிற்கும் வண்டியாகப் பார்த்து ஸ்ரீரங்கத்துக்கே டிக்கெட் வாங்க வேண்டும். அங்கிருந்து ராஜகோபுரம் கால் நடையாகவே போகக்கூடிய தூரந்தான். பெட்டி படுக்கைகள் கனமாயிருந்தால் அது வேறு விஷயம். இரண்டு நாளைக்கு ஐந்து பேருக்கு ஏழு பெட்டி எதற்கு என்று நம் மனைவியாரிடம் நாமே ஒரு சமயம் கேட்டு, அதற்குக் கிடைத்த பதிலைப் பிரசுரம் செய்யாமல் வைத்திருக்கிறோம்.

பஸ்ஸில் வருகிறவர்கள் ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும். 2025-ஆம் வருஷத்தில் ஊருக்குத் தெற்கே மதுரைச் சாலையில் பஞ்சப்பூரில் ஒரு பெரிய புதிய பஸ் நிலையம் திறந்திருக்கிறார்கள். வெளியூர் பஸ்கள் அங்கே போகின்றன. பஞ்சப்பூர் திருச்சிக்குத் தென்கோடி, ஸ்ரீரங்கமோ வடகோடி. ஆகவே "திருச்சி வந்துவிட்டது, ஸ்ரீரங்கம் பக்கத்தில்தானே!" என்று பசியோடு இருக்கும் குழந்தைகளிடம் வாக்குக் கொடுத்து விடாதீர்கள். அங்கேயே டவுன் பஸ் பிடித்து வாருங்கள். டவுன் பஸ் விஷயத்தில் திருச்சி யாத்திரிகர்களுக்கு அநுகூலமான ஊர். ஜங்ஷன் பக்கத்திலுள்ள மத்திய பஸ் நிலையத்திலிருந்து சத்திரம் பஸ் நிலையம், திருவானைக்கா வழியாக ஸ்ரீரங்கம் போகும் ஒன்றாம் நம்பர் பஸ் அடிக்கடி வந்துகொண்டேயிருக்கும். 2021 மே மாதத்தில் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு இலவசப் பிரயாணம் ஏற்பட்டது. நமது நேயரின் குடும்பத்தில் ஸ்திரீகள் எத்தனை பேரோ, அத்தனைக்கத்தனை லாபம்! குழந்தைகள் இருவரும் பெண்களா என்பதை அவர் எழுதவில்லை.

தங்கும் ஜாகையைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்ரீரங்கத்தில் பஞ்சக்கரைச் சாலையில் கோவில் நிர்வாகம் நடத்தும் யாத்திரி நிவாஸ் 2014-இல் திறக்கப்பட்டது. குடும்பத்துக்கு அறைகளும், பலர் சேர்ந்து படுக்கும் கூடங்களும் உண்டு. கொள்ளிடக் கரைப் பக்கமாக இருப்பதால் கோவிலுக்குச் சிறிது தூரம். ஆனால் காற்றோட்டமும் அமைதியும் வாடகை கொடுக்காமலே கிடைக்கும். முன்பதிவு செய்யாமல் போய் நின்றால் இடம் கிடைப்பது துர்லபம். இது தவிர சித்திரை வீதிகளிலும் உத்தர வீதிகளிலும் சிறு விடுதிகளும் வீட்டு மாடிகளும் வாடகைக்குக் கிடைக்கின்றன. இவற்றில் பணம் கொடுக்குமுன் மூன்று காரியம் செய்ய வேண்டும்: குழாயைத் திறந்து பார்ப்பது, விசிறியைச் சுழலவிட்டுப் பார்ப்பது, மாடிப்படி எத்தனை என்று எண்ணுவது. ஒரு விடுதியில் "ஏ.ஸி. அறை" என்று நம்மிடம் அதிக வாடகை வாங்கினார்கள். அறையில் ஏ.ஸி. யந்திரம் இருந்தது வாஸ்தவந்தான். அது சுவரில் ஓர் அலங்காரமாக இருந்ததே தவிர, வேறு எந்தவிதத்திலும் நமக்குத் தொந்தரவு கொடுக்கவில்லை.

இனி, கோவில். இந்த இடத்தில் நாம் செய்த ஒரு பிசகைச் சொல்லித்தான் தீர வேண்டும். சிக்கனத்தைப் பற்றிப் பிறருக்குப் புத்தி சொல்ல நமக்கு யோக்யதை உண்டா என்பதை நேயர்களே தீர்மானித்துக் கொள்ளட்டும்.

சில வருஷங்களுக்கு முன் பங்குனி மாதத்தில் நாமும் நம் மனைவியும் நம்முடைய அத்தையாரை அழைத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் போயிருந்தோம். அத்தைக்கு அப்போது வயது எழுபதுக்கு மேல். அன்று காலை எல்லாம் வெகு ஒழுங்காகவே நடந்தது. தெற்கே ராஜகோபுரத்தின் வழியாக நுழைந்தோம். 236 அடி உயரமும் பதின்மூன்று நிலைகளும் உள்ள அந்தக் கோபுரம் பல நூற்றாண்டு மொட்டையாக நின்றிருந்து, அஹோபில மடத்து ஜீயரின் முயற்சியால் 1987-இல் பூர்த்தியாகிக் கும்பாபிஷேகம் ஆயிற்று என்பதை அத்தைக்கு எடுத்துச் சொன்னோம். "மொட்டையா நின்னபோதே நான் பார்த்திருக்கேன், நீ சொல்லி எனக்குத் தெரியணுமா?" என்றாள் அத்தை. ரங்கா ரங்கா கோபுரத்தண்டை செருப்புகளை விட்டோம். தர்ம தரிசன வரிசையில் ஒன்றரை மணி நேரம் நின்று பெரிய பெருமாளைச் சேவித்தோம். வாசலில் ஒருவர் நம்மை அணுகி, தலைக்கு இவ்வளவு கொடுத்தால் ஐந்தே நிமிஷத்தில் சந்நிதியில் கொண்டு நிறுத்துவதாகச் சொன்னார். கோவில் கவுண்டரில் ரசீதுடன் விற்கும் கட்டண தரிசனச் சீட்டுக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை என்று தெரிந்துகொண்டு தப்பினோம். இதனால் நமது சாமர்த்தியத்தில் நமக்கே ஒரு கர்வம் உண்டாயிற்று. ஆபத்து அங்கேதான் ஆரம்பம்.

ஆயிரங்கால் மண்டபமும், குதிரைகள் பாயும் தூண்களையுடைய சேஷராயர் மண்டபமும் கோவிலின் கிழக்குப் பக்கத்தில் இருக்கின்றன. அவற்றையெல்லாம் பார்த்துவிட்டு வெள்ளைக் கோபுரத்தின் வழியாகக் கிழக்கு உத்தர வீதியில் வெளியே வந்து சேர்ந்தோம். அப்போது மணி ஒன்று. செருப்புகளோ தெற்கு வாசலில்! பங்குனி மாதத்து வெயில். வீதியில் ஆட்டோக்காரர் ஒருவர் இருந்தார். அவர் கேட்ட தொகை இவ்வளவு கிட்டத்தில் போவதற்கு அநியாயம் என்று நமக்குத் தோன்றியது. "இரண்டு வீதி திரும்பினால் தெற்கு வாசல், இதற்கு ஆட்டோவா?" என்று சொல்லி முன்னால் நடந்தோம். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. பின்னால் நடந்து வந்தாள்.

சாயங்காலம் விடுதியில் அத்தை கால் நீட்டி உட்கார்ந்திருந்தபோதுதான் நம் மனைவி கவனித்தாள். இரண்டு உள்ளங்கால்களிலும் கொப்புளங்கள். டாக்டர், களிம்பு, மறுபடி டாக்டரிடம் போக ஆட்டோ என்று, மிச்சம் பிடித்த தொகையைப் போல் பல மடங்கு அன்றே செலவாயிற்று. அது போகட்டும். மறுநாள் காலை திருவானைக்கா போவதாக ஏற்பாடு. அகிலாண்டேசுவரியைப் பார்க்க வேண்டுமென்பது அத்தையின் ஆசை. அவளால் தரையில் காலை ஊன்ற முடியவில்லை. "பெருமாளைப் பார்த்தாச்சு. நீங்க ரெண்டு பேரும் போய் அம்பாளைப் பார்த்துட்டு வந்து எனக்குச் சொல்லுங்கோ" என்றாள். போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னோம். அதற்குப் பின் அத்தைக்கு அந்தப் பக்கம் போகும் சந்தர்ப்பம் வாய்க்கவில்லை.

வயதானவர்களுக்காகக் கோவிலில் பாட்டரி வண்டிகளும் சக்கர நாற்காலிகளும் இருக்கின்றன என்பது நமக்கு மறுநாள்தான் தெரிந்தது. உள்ளே நுழைந்ததும் விசாரித்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். ஆகையால் திண்டிவனத்து நேயருக்கு நாம் கண்டிப்பாகச் சொல்லுவது: செருப்பை விட்ட வாசல் வழியாகவே திரும்பி வாருங்கள். அல்லது அம்மாளின் செருப்பை மட்டும் ஒரு துணிப் பையில் போட்டுக் கையோடு வைத்திருங்கள். வெயில் ஏறுமுன் தரிசனத்தை முடித்துவிடுங்கள். மொத்தத் தொகையில் ஒரு பகுதியை "அம்மாவின் ஆட்டோ" என்று எழுதித் தனி உறையில் போட்டு, அதில் மிச்சம் பிடிப்பதில்லை என்று இப்போதே சங்கற்பம் செய்துகொள்ளுங்கள். கட்டண தரிசனச் சீட்டு விஷயமும் அப்படித்தான். ஐந்து பேருக்கும் வாங்க வேண்டியதில்லை. அம்மாளுக்கும், கூடப் போகும் ஒருவருக்கும் வாங்கிவிட்டு, மற்ற மூவரும் தர்ம தரிசன வரிசையில் நிற்கலாம். குழந்தைகளுக்குக் கால் வலித்தால் கேட்பதற்கு வாய் இருக்கிறது.

கோவிலின் பரப்பு 156 ஏக்கர், ஏழு பிரகாரங்கள், கோபுரங்கள் 21. வெளிப் பிரகாரங்களில் ஜனங்கள் வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள். கோவிலுக்குள்ளேயே கடையும் காய்கறியும் கல்யாணமும் பள்ளிக்கூடமும் நடக்கும் அதிசயத்தை, ஒரு காசும் செலவில்லாமல், அதிகாலையில் உத்தர வீதியைச் சுற்றி நடந்தே பார்த்துவிடலாம். எழுத்தாளர் சுஜாதாவின் 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்' படித்தவர்களுக்கு இந்த வீதிகள் முன்பே பழகியவையாகத் தோன்றும். உள்ளே சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு ஒரு மேல்தளத்தில் ஏறிப் பார்க்க விடுகிறார்கள். அங்கிருந்து நாலா பக்கமும் கோபுரங்கள் தெரியும் காட்சிக்கு அந்தக் கட்டணம் நிச்சயமாகத் தகும். இந்தக் கோவிலின் புனருத்தாரண வேலைக்கு 2017-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருது கிடைத்தது என்பதையும் குழந்தைகளுக்குச் சொல்லலாம்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. 2012 செப்டம்பரில் ஸ்ரீரங்கம் கோவிலில் நாள் முழுவதும் அன்னதானம் என்ற திட்டம் தொடங்கப்பட்டது. இலவசச் சாப்பாடு என்றால் சிலருக்குக் கூச்சம். பெருமாள் வீட்டுச் சாப்பாட்டில் கூச்சமென்ன! மனம் ஒப்பாவிட்டால் உண்டியலில் முடிந்ததைப் போட்டுவிட்டு உட்காருங்கள். பிரசாத ஸ்டாலில் செல்வரப்பம் கிடைத்தால் விடாதீர்கள். திருவானைக்காவில் பார்த்தசாரதி விலாஸ் என்ற பழைய சிற்றுண்டிச் சாலையில் நெய் ரோஸ்ட் பிரசித்தம். காலை வேளையில் அங்கே இடத்துக்குக் காத்திருப்பதும் பிரசித்தம். ஒரு வேளை பலகாரத்தை அங்கே வைத்துக்கொண்டால் போதும். மூன்று வேளையும் என்று ஆரம்பித்தால் 'சிக்கன யாத்திரை' என்ற தலைப்பை நாம் வாபஸ் வாங்க நேரிடும்.

திருவானைக்கா ஸ்ரீரங்கத்திலிருந்து கூப்பிடு தூரம். ஒன்றாம் நம்பர் பஸ்ஸே போகும். பஞ்சபூத ஸ்தலங்களில் இது நீர். ஜம்புகேசுவரர் சந்நிதியில் தரையில் ஊறும் நீரைப் பார்க்கலாம். உச்சிக் காலத்தில் அர்ச்சகர் புடவை உடுத்து அம்பாளின் ஸ்தானத்திலிருந்து வந்து ஈசுவரனுக்குப் பூஜை செய்யும் வழக்கம் இங்கே விசேஷம். மத்தியான வேளையில் மற்றக் கோவில்களில் நடை சாத்திவிட்டார்களே என்று விழிப்பவர்கள், அந்தப் பொழுதை இங்கே கழிக்கும்படி திட்டம் போட்டுக் கொள்ளலாம். ஸர் ஸி. வி. ராமன் 1888-இல் பிறந்தது இந்தத் திருவானைக்காவில்தான். கோவிலில் சலிப்படையும் குழந்தைகளை இந்தச் சமாசாரத்தால் சிறிது நேரம் சமாதானப்படுத்தலாம்.

இரண்டாம் நாள், மலைக்கோட்டை. இங்கே நமது நேயர் குடும்பத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டும். படிகள் நானூற்றுக்கு மேல். அம்மாள் அடிவாரத்தில் மாணிக்க விநாயகரைத் தரிசித்துவிட்டு உட்கார்ந்திருக்கட்டும். துணைக்கு ஒருவர் இருக்கட்டும். மற்றவர்கள் காலை ஆறு மணிக்கே ஏறத் தொடங்கினால் தாயுமானவரையும் உச்சிப் பிள்ளையாரையும் தரிசித்து, வெயிலுக்கு முன் இறங்கிவிடலாம். உச்சிக்குச் சற்றுக் கீழே முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் ஏழாம் நூற்றாண்டில் குடைந்த குகைக் கோவில் இருக்கிறது. அதில் கங்கையைச் சடையில் ஏற்கும் சிவபெருமானின் சிற்பத்தைப் பார்க்காமல் வேக வேகமாக மேலே ஏறிப் போகிறவர்களே அதிகம். மேலிருந்து பார்த்தால் காவேரியும், தென்னந்தோப்புகளும், அவற்றுக்கு நடுவே ஸ்ரீரங்கத்துக் கோபுரங்களும் தெரியும்.

அடிவாரத்தைச் சுற்றி ஒரு மைல் வட்டாரத்துக்குள் செலவில்லாமல் பார்ப்பதற்கு ஒரு நாள் முழுவதும் காணாது. தெப்பக்குளம், அதன் எதிரே லூர்து மாதா கோவில், 1883-இல் நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்கு வந்த செயின்ட் ஜோஸப் கல்லூரி - அப்துல் கலாம் படித்த கல்லூரி இது - எல்லாம் கிட்டக் கிட்ட இருக்கின்றன. நத்தர் வலி தர்காவில் ஆற்காட்டு நவாப் முகம்மது அலி அடக்கமாகியிருக்கிறார். ராணி மங்கம்மாள் மகாலில் அரசாங்க மியூஸியம் சொற்பக் கட்டணத்தில் பார்க்கக் கிடைக்கும். வெள்ளிக்கிழமைகளில் மூடியிருக்கும். கடைத் தெருவில் குழந்தைகளின் கையை விடாமலும் பர்ஸின் வாயைத் திறக்காமலும் நடக்க வேண்டும். ஏதேனும் வாங்கியே தீர வேண்டுமென்றால் உறையூர்க் கைத்தறிச் சேலை ஒன்று வாங்கலாம். பழைய சோழர் தலைநகரில் இன்னும் தறி ஓடுகிறது என்பதற்கு அது அத்தாட்சி. ஒரு காலத்தில் இந்த ஊர்ச் சுருட்டு சீமை வரையில் போய், ஷெர்லாக் ஹோம்ஸ் கதையிலும் புகைந்தது. அதை வாங்கும்படி நாம் சிபாரிசு செய்யமாட்டோம்.

சிக்கனப் பிரயாணத்தைப் பற்றிப் பேசும்போது இதே திருச்சியிலிருந்து புறப்பட்ட ஒரு பிரயாணம் நினைவுக்கு வராமல் இராது. 1930 ஏப்ரல் 13-இல் ராஜாஜி, கண்டோன்மென்டில் டாக்டர் டி. எஸ். எஸ். ராஜன் வீட்டிலிருந்து சுமார் நூறு தொண்டர்களுடன் வேதாரண்யத்துக்கு உப்புச் சத்தியாக்கிரக யாத்திரை கிளம்பினார். ஏறக்குறைய 150 மைல், பதினைந்து நாள், முழுவதும் கால்நடை. தொண்டர்களுக்குச் சோறு போடுகிறவர்களும் இடம் கொடுக்கிறவர்களும் சிறை செல்ல நேரும் என்று தஞ்சை ஜில்லாக் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டிருந்தார். ஜனங்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரங்களில் கட்டித் தொங்க விட்டுவிட்டுப் போனார்கள். டாக்டர் ராஜன் ஸ்ரீரங்கத்துக்காரர். கடல் கடந்து சீமைக்குப் போய் வந்ததற்காக அந்த வீதிகளிலேயே ஜாதிப் பிரஷ்டத்துக்கு ஆளானவர். வ. வே. ஸு. ஐயர் பிறந்த வரகனேரியும் திருச்சியைச் சேர்ந்ததுதான். குழந்தைகளுடன் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் கண்டோன்மென்ட் வழியாகப் போகும்போது இதைச் சொல்லிக்கொண்டே போகலாம்.

கல்லணையையும் முக்கொம்பையும் இரண்டு நாளில் சேர்த்து அடைக்க முயல வேண்டாம். மூன்றாம் நாள் கைவசமிருந்தால் இரண்டில் ஒன்று போதும். சத்திரம் நிலையத்திலிருந்து கல்லணைக்கு டவுன் பஸ் உண்டு. சுமார் 20 கிலோமீட்டர். முக்கொம்பில் காவேரியும் கொள்ளிடமும் பிரிகின்றன. 1830-களில் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணையின் ஒன்பது மதகுகள் 2018 ஆகஸ்டில் வெள்ளத்தில் இடிந்து போனதை நேயர்கள் பத்திரிகைகளில் படித்திருப்பார்கள்.

அம்மா மண்டபம் படித்துறையில் காவேரி ஸ்நானம் செய்ய விரும்புகிறவர்கள் மாதத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடப்படும். அணையில் தண்ணீர் இருந்தால்தான் இந்தக் கணக்கு. கோடையில் போனால் படித்துறையில் உட்கார்ந்து மணலைத் தரிசிக்கலாம். மார்கழியில் போகும் நமது நேயருக்கு அந்தக் குறை இராது. ஆனால் விடியற்காலைத் தண்ணீர் வெகு குளிர்ச்சி. அம்மாள் தலையில் புரோக்ஷணம் செய்துகொண்டால் போதும்.

இவ்வளவையும் எழுதி முடித்த பிறகு நேயரின் கடிதத்தை மூன்றாம் தடவையாகப் புரட்டினோம். கடைசிப் பக்கத்தின் ஓரத்தில், விடுதிக்காரர் ஏகாதசிக்கு முன்பணம் அனுப்பச் சொல்லி அவசரப்படுத்துவதாகவும், இந்த வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும் என்றும் பொடி எழுத்தில் எழுதியிருக்கிறார். பத்திரிகை அவர் கைக்குப் போய்ச் சேருவதற்குள் வெள்ளிக்கிழமை கழிந்துவிடும். ஆகையால் "முன்பணம் அனுப்ப வேண்டாம், இராப் பத்து மூன்றாம் நாளுக்கு மாற்றிக் கொள்ளவும், விவரம் பின்னால்" என்று கைப்பேசியிலேயே ஒரு வரி அனுப்பியிருக்கிறோம். சிறிது நேரத்துக்கெல்லாம் பதில் வந்தது. "அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அன்றைக்கும் அதே வாசல்தானா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறாள்" என்று எழுதியிருந்தார். அதே வாசல்தான் அம்மா.